விற்பனைக்கு ஒரு ஜாகுவார் ரோட்ஸ்டர்... கோவென்ட்ரி டு பனப்பாக்கம், 100 வருஷக் கதை!

ஆம்பூர்ல பிரியாணியை முடிச்சுட்டு சென்னை ஹைவேயைப் பிடிக்கிறீங்க. ராணிப்பேட்டை மாவட்டத்தைத் தாண்டுறதுக்குள்ள பனப்பாக்கம் ஏரியா வந்துடும். 2024 செப்டம்பர் 28-ம் தேதி டாடா மோட்டார்ஸ் தொழிற்சாலைக்கு முதல்வர் ஸ்டாலின் அடிக்கல் நாட்டியது இங்கேதான். 9,000 கோடி ரூபாய் திட்டம். டாடா வண்டிகளோடு ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் இங்கே தயாராகும் என்பதுதான் அறிவிப்பு.

தோலுக்குப் பேர்போன நம்ம ஊருக்குப் பக்கத்துல வந்திருக்கும் இந்த ஜாகுவார் யார்? அதோட பழைய ரோட்ஸ்டருக்கு ஏன் இவ்வளவு மவுசு?

சைடு காரில் ஆரம்பம்

1922-ல் இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரத்தில் வில்லியம் லயன்ஸ், வில்லியம் வாம்ஸ்லி என்ற இருவர் பைக்குக்கு சைடு கார் செய்யும் கம்பெனியைத் தொடங்கினார்கள். லயன்ஸுக்கு அப்போ வயசு 21. பிறகு காருக்கு மாறி, கோவென்ட்ரிக்குக் குடிபெயர்ந்தார்கள். கம்பெனியின் பெயர் எஸ்.எஸ். 'ஜாகுவார்' என்பது 1935-ல் ஒரு மாடலுக்கு வைத்த பெயர்தான். ஹிட்லரின் எஸ்.எஸ் படையால் அந்த ரெண்டு எழுத்துமே கெட்ட பெயராகிவிட, 1945-ல் மொத்த கம்பெனியும் ஜாகுவார் ஆனது.

1948-ல் வந்தது எக்ஸ்.கே 120 ரோட்ஸ்டர். ரோட்ஸ்டர்னா ரெண்டே சீட், திறந்த மேற்கூரை. பெயரில் இருக்கும் 120, மணிக்கு 120 மைல் வேகத்தைக் குறிக்கும். நம்ம கணக்கில் சுமார் 193 கி.மீ.

விடிய விடிய ஓடிய கார்

1961 மார்ச்சில் ஜெனிவாவில் இ-டைப் அறிமுகம். விமானத் துறையிலிருந்து வந்த மால்கம் சேயர் வடிவமைத்த கார் இது. காரில் பாதி நீளத்துக்கு பானெட்தான்! ஓட்டிப் பார்க்கக் கூட்டம் அலைமோத, இன்னொரு கார் தேவைப்பட்டது. டெஸ்ட் டிரைவர் நார்மன் டூயிஸ் ஒரு ரோட்ஸ்டரை எடுத்துக்கொண்டு, கோவென்ட்ரியிலிருந்து ராத்திரி முழுக்க ஓட்டி ஜெனிவா போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு பிரிட்டனில் ரோட்ஸ்டரின் விலை சுமார் 2,100 பவுண்டு. இன்றைக்கு நல்ல நிலையில் இருக்கும் ஆரம்பகால ரோட்ஸ்டர்கள் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டும். நம்ம பணத்தில் கோடிக்கு மேல்!

காருக்கு மதிப்பு கூடிக்கொண்டே போக, கம்பெனி மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது. 1966-ல் பிஎம்சியோடு இணைப்பு, 1968-ல் பிரிட்டிஷ் லேலண்ட், 1984-ல் மறுபடி தனிக் கம்பெனி, 1989-ல் ஃபோர்டு. கடைசியில் 2008-ல் லேண்ட் ரோவரையும் சேர்த்து 230 கோடி டாலருக்கு வாங்கியது டாடா.

வாங்கும் ஆசை இருக்கா?

பளபளக்கும் பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீங்க. அடித்தளம், கதவுக்குக் கீழே இருக்கும் பகுதி என எல்லா இடத்திலும் துரு இருக்கிறதா என்று பாருங்க. சேஸி, இன்ஜின், கியர்பாக்ஸ் நம்பர்கள் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்தணும். ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழில் அந்த கார் எப்போது, என்ன நிறத்தில் தயாரானது என்பதுவரை இருக்கும்.

இந்தியாவில் 50 வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளை 'வின்டேஜ்' எனப் பதிவு செய்யலாம். 2021-ல் வந்த விதி இது. நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள் இருக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால், கண்காட்சி, ரேலி, சர்வீஸ், பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டுக்கு எடுக்கலாம். தினமும் ஆபீஸ் போக முடியாது, வாடகைக்கும் விட முடியாது.

கடைசியா சீட். இந்த ஒரு விஷயத்தில் நம்ம ஊர் ஆட்களை யாரும் ஏமாத்த முடியாது. அடிப்பக்கம் துணி மாதிரி நெசவு தெரிந்தால் அது ரெக்சின், நார் நாராக இருந்தால் தோல். சுருக்கம் விழுந்த பழைய சீட்டைப் பார்த்ததும் மாத்திடலாம்னு நினைக்காதீங்க. காரோடு வந்த அசல் தோல் என்றால், அதைக் காப்பாற்றி வைத்திருப்பதற்குத்தான் மதிப்பு அதிகம். பக்கத்து டேனரியில் வேலை பார்க்கும் மாமாவையோ சித்தப்பாவையோ கையோடு கூட்டிட்டுப் போங்க!