கூடத்துச் சுவரில் இரண்டு ரீப்பர் கட்டைகள்

படாளத்தில் எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில், கைக்கு எட்டாத உயரத்தில், சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை இரண்டு ரீப்பர் கட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடும். படங்களின் அடிச்சட்டம் கீழ்க்கட்டையில் உட்கார்ந்திருக்கும். மேல்பக்கத்தைக் கயிற்றால் மேல்கட்டை ஆணியில் கட்டியிருப்பார்கள். எல்லாப் படங்களும் நம்மைப் பார்த்துச் சற்றே குனிந்திருக்கும். பாயில் படுத்தபடி பார்த்தாலும் சாமி முகம் தெரியும். படத்துக்குப் பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டும். அம்மா திட்டிக்கொண்டே வைக்கோலைப் பெருக்குவாள், ஆனால் கூட்டைக் கலைக்க விடமாட்டாள்.

கட்டை எதற்கு என்று வீட்டை இடித்தபோதுதான் புரிந்தது. செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புக் காரை. அதில் ஆணி அடித்தால் காரை பொலபொலவென்று உதிரும், ஆணியும் நாலு நாளில் ஆடும். அதனால் சுவரைக் குடைந்து மரத்துண்டுகளைப் பதித்து, அவற்றின் மேல் ரீப்பரை அறைந்திருந்தார்கள். பிறகு எத்தனை படம் வந்தாலும் சுவரைத் தொட வேண்டியதில்லை.

படங்களும் வந்துகொண்டேதான் இருந்தன. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவாலா பக்கம் மளவ்லிக்குப் போனது. அங்கிருந்து வந்த லட்சுமியும் சரஸ்வதியும்தான் சாதாரண வீட்டுச் சுவருக்கும் ஏறினார்கள். அடுத்து கோவில்பட்டி கொண்டைய ராஜு (1898–1976) வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி காலண்டரில் வந்தார்கள். வருடம் முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்துவிட்டு, படத்துக்குக் கண்ணாடி போடுவோம். அதன் பக்கத்தில் ஸ்டுடியோ போட்டோக்கள்.

இங்கிலாந்திலும் விக்டோரியா ராணி காலத்து வீடுகளில் இதே ஏற்பாடுதான். சுவரின் மேல்பகுதியில் மரச்சட்டம், அதில் பித்தளைக் கொக்கி, கொக்கியிலிருந்து கயிறு. 'பிக்சர் ரெயில்' என்பார்கள். அவர்களுடைய சுவர்ப் பூச்சும் ஆணியைத் தாங்காது.

இதைப் பழசாக்கியது ஒரு சின்னக் குழாய்தான். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் சுவரைப் பாழாக்காமல் மின்சாதனங்களைப் பொருத்த வழி தேடிய ஜான் ரால்லிங்ஸ், 1911-இல் சணல் நாரைப் பசையிட்டு இறுக்கிச் செய்த செருகிக்கு உரிமம் வாங்கினார். நம் எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் 'ரால்பிளக்' அவர் பெயர்தான். 1958-இல் ஜெர்மனியில் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் கொண்டுவந்தார். டிரில்லும் பிளக்கும் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் ஆணி என்றாகிவிட்டது. ரீப்பர் கட்டையை யாரும் நினைக்கவில்லை.

புது வீட்டில் நானும் நினைக்கவில்லை. "புதுப் பெயிண்ட்டுப்பா, டிரில் போட வேண்டாம்" என்றான் மகன். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. பேச்சு மூன்று மாதம் இழுத்தது. படங்கள் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. பிரித்தபோது தாத்தா போட்டோவைக் கரையான் அரித்திருந்தது. தலைப்பாகையும் ஒரு காதும் மிச்சம். அவருக்கு இருந்தது அந்த ஒரே போட்டோதான்.

அப்புறம் வாய் பேசாமல் இரண்டு பேருமாக அலுமினியப் பட்டை வாங்கிவந்தோம். மெல்லிய பட்டை வேண்டாம், கண்ணாடி போட்ட பழைய படங்கள் கனமானவை. கூரைக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி விட்டு, ரசமட்டம் வைத்துக் கோடு போட்டு, ஓரடிக்கு ஒரு திருகாணி. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே மட்டும் துளை போடவில்லை. கன்சீல்டு வயர் அங்கேதான் இறங்கும். பட்டையில் நகரும் கொக்கி, அதிலிருந்து எஃகுக் கம்பி. படத்தை நகர்த்தலாம், ஏற்றலாம், இறக்கலாம், சுவரில் புதுத் துளை கிடையாது.

ஒரே குறை, படங்கள் சுவரோடு ஒட்டி நின்றன. சட்டத்தின் பின்னால் இருந்த வளையங்களைக் கழற்றி நாலு விரல் கீழே மாட்டினேன். அப்பா போட்டோ பழையபடி முன்னால் சாய்ந்தது.

வலது ஓரத்தில் ஒரு கொக்கி சும்மா இருக்கிறது. தாத்தாவின் சட்டத்தை வெறுமையாக மாட்டலாம் என்கிறான் மகன். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.