கோப்பில் இருந்தவை: ஊவாத் தோட்டப் பெண்கள் தொழில் தேடிய வரலாறு

இறுதியாண்டு மாணவர்களுக்காகத் தொழில் சந்தை நடத்துவது எமது நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வழமையாகிவிட்டது. கம்பனிகள் மேசை போட்டு அமர்ந்திருக்கும். மாணவர்கள் சுயவிபரக் கோவையுடன் ஒவ்வொரு மேசையாகச் செல்வார்கள். பதுளை பசறை வீதியில் 2005ஆம் ஆண்டு ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் உருவான பின்னர் எமது மாவட்டத்தவர்க்கும் இக்காட்சி அந்நியமானதல்ல. அந்த மேசைகளின் முன் நிற்கும் தோட்டத்துப் பெண்ணின் கையிலுள்ள கோப்பு மெல்லியதாகவே இருக்கும். ஆயினும், அதற்குள் உள்ள ஒவ்வொரு தாளும் வந்துசேர ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது.

1924இல் புகையிரதம் பதுளையை வந்தடைந்தது. நமுனுகுல, பசறை, மடுல்சீமை, அப்புத்தளைத் தோட்டங்களில் அன்று தொழில் தேடல் என்ற ஒன்றே இருக்கவில்லை. ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தோட்ட நிர்வாகம் தாய்மொழிக் கல்வி அளிக்க வேண்டும் என 1920ஆம் ஆண்டின் சட்டம் விதித்திருந்தது. அதற்கு மேல் படிப்பதற்கு வழி அரிது. வயது வந்ததும் பெண்பிள்ளைக்குப் பேர் பதிவார்கள். மறுநாள் தாயுடன் பெரட்டுக்குப் போவாள். அவளுக்கு விண்ணப்பமும் இல்லை, நேர்முகப் பரீட்சையும் இல்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும், தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்போடு நின்றன. லயத்திலிருந்து பட்டணத்துப் பாடசாலைக்கு வந்துசேர்ந்தோர் மிகச் சிலரே.

அப்படி வந்து படித்துத் தேறியவர்களுக்கு வேறொரு தடை காத்திருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோர் நாடற்றவராயினர். அரசாங்க உத்தியோகத்துக்குப் பிரசாவுரிமை அவசியமாக இருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரின் கதி பத்தாண்டுகளுக்குப் பின்னரே தீர்மானமாயிற்று. அக்காலத்தில் ஒரே வகுப்பில் படித்த தோழியருள் ஒருத்தி நீலகிரிக்குச் செல்ல, மற்றவள் ஹாலி-எலையில் நின்றாள். பரீட்சைப் பெறுபேறு நன்றாக இருந்தும், பிரசாவுரிமைச் சான்றிதழ் இல்லாததால் விண்ணப்பமே அனுப்ப முடியாதிருந்தவர்களும் உண்டு. நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 1988இலும், எஞ்சியோருக்கான சட்டம் 2003இலும் நிறைவேறின. தோட்டத்துப் பெண்ணின் கோப்பில் முதலாவது தாள் இவ்வாறே வந்துசேர்ந்தது.

இரண்டாவது தாள் ஆசிரிய நியமனம். 1960–61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. 1970களின் பிற்பகுதியிலிருந்தே அவை கட்டங்கட்டமாக அரசின் கைக்கு வந்தன. அதன் பின்னர் அங்கு கற்பிக்க மலையகத்திலேயே ஆசிரியர் தேவைப்பட்டனர். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அதற்குக் கைகொடுத்தது. 2014–15 காலப்பகுதியில் உயர்தரம் சித்தியடைந்த பலர் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் ஆசிரிய உதவியாளராகச் சேர்ந்தனர். பஸ் கூலிக்கே அது போதாதென்று தெரிந்தும் சேர்ந்தனர். லயத்துக்குத் தனி விலாசம் இல்லாததால் நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்டக் கந்தோரில் தங்கி, திகதி கடந்தபின் கைக்கு வந்த வேதனையையும் எம்மவர் அறிவர்.

இன்று அடையாள அட்டை இருக்கிறது, பட்டமும் இருக்கிறது, கடிதத்துக்குப் பதிலாகக் கைத்தொலைபேசிக்கே அழைப்பு வருகிறது. எனினும் சுயவிபரக் கோவையின் கடைசிப் பகுதி ஒன்று கேட்கிறது: உறவினரல்லாத, உங்களை அறிந்த இருவரின் பெயரும் பதவியும் தருக. தந்தை கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் மாணவிக்கு அது இரண்டு நிமிட வேலை. தாய் கொழுந்து பறிக்கும் மாணவியோ பழைய அதிபரின் பெயரை எழுதிவிட்டு, இரண்டாவது இடத்தில் பேனாவை நிறுத்துகிறாள்.

அனுபவம் என்ற பகுதியையும் அவள் வெறுமையாக விடுகிறாள். லயத்து மூத்தோருக்குச் சிங்களப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தது மொழிபெயர்ப்பு என்றோ, அயற்பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தியது பொறுப்பு என்றோ யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மும்மொழியும் பேசத் தெரிந்த பெண் அதை ஒரு தகுதியாக எழுதாமலே மேசைக்குப் போகிறாள். எந்தெந்தக் கம்பனி வருகிறது, அது என்ன செய்கிறது என்று முன்கூட்டியே வாசித்து, தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நிமிடம் தடையின்றிப் பேசப் பழகியிருந்தால் அவளுடைய நிலை வேறாகியிருக்கும்.

சட்டம் திறக்க வேண்டிய கதவுகள் பல திறந்துவிட்டன. எஞ்சியிருப்பது அறிமுகம் என்னும் கதவு. அதன் திறப்பு எம்மிடம் இருக்கிறது. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கூடலூரிலும் வாழும் சகோதரிகளே, ஆளுக்கொரு மாணவியை ஏற்றுக்கொள்ளுங்கள். அறியாத பிள்ளைக்கு நேர்மையாகப் பரிந்துரை செய்ய முடியாது. ஆகவே பட்டம் முடியும்வரை காத்திராமல், உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு பேசத் தொடங்குங்கள். மாதம் அரைமணி நேரம் தொலைபேசியில் ஆங்கிலத்தில் கேள்வி கேளுங்கள். அவள் எழுதியதைத் திருத்திக் கொடுங்கள். அவள் தொழில் சந்தைக்குப் புறப்படும் நாளில், அந்த இரண்டாவது இடத்தில் உங்கள் பெயர் எழுதப்பட்டிருக்கட்டும்.