நிலவறையில் ஒளிந்திருந்த வைன்

அவுஸ்திரேலியாவின் தென்பகுதியிலே, அடிலெயிட் நகருக்குக் கிழக்கே, லொஃப்டி மலைத்தொடர் எழுகின்றது. அதன் அடிவாரச் சரிவில் உள்ளது மகில் என்னும் ஊர். 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்தோபர் பென்ஃபோல்ட் என்னும் வைத்தியரும் அவர் மனைவி மேரியும் அங்கே நிலம் வாங்கி முந்திரிகை நட்டனர். நோயாளருக்குச் சத்து மருந்தாகக் கொடுப்பதற்கே வைத்தியர் வைன் செய்யத் தொடங்கினார். அவர் வைத்தியத்தில் மூழ்கியிருக்க, தோட்டத்தையும் பீப்பாய்களையும் கவனித்தவர் மேரி அம்மையாரே. 1870இல் கணவர் இறந்தபின் தொழில் முழுவதும் அவர் பொறுப்பாயிற்று. போத்தலில் நின்றது என்னவோ வைத்தியரின் பெயர்தான்! அவர்கள் வாழ்ந்த கற்குடிலின் பெயர் கிரேஞ்ச்.

அவர்கள் நிறுவிய கம்பனியில் 1931ஆம் ஆண்டு மாக்ஸ் ஷூபேர்ட் என்ற இளைஞர் ஏவலாளராகச் சேர்ந்தார். 1948இல் அவரே தலைமை வைன் வினைஞர். 1950இல் ஸ்பெயின் நாட்டுக்குத் தொழில் பார்க்கச் சென்றவர், பிரான்ஸின் போர்தோவுக்கும் போனார். நாற்பது ஐம்பது ஆண்டு கடந்தும் சுவை குன்றாத சிவப்பு வைன்களை அங்கே அருந்திப் பார்த்தார். அக்காலத்து அவுஸ்திரேலியர் பெரிதும் விரும்பியவை சாராயச் சத்துச் சேர்த்த இனிப்பு வைன்களே. இருபது ஆண்டாவது நிலைக்கக்கூடிய ஒன்றைத் தம் நாட்டிலும் ஆக்கவேண்டும் என்ற எண்ணம் ஷூபேர்ட்டைப் பற்றிக்கொண்டது.

போர்தோவின் கபர்னே முந்திரிகை தென் அவுஸ்திரேலியாவில் அருமை. ஆகவே தாராளமாய்க் கிடைத்த ஷிராஸ் இனத்தை எடுத்துக்கொண்டார். மகில் தோட்டத்துப் பழத்துடன் வேறொரு தோட்டத்துப் பழத்தையும் சேர்த்து, 1951இல் முதற் பரிசோதனை நடந்தது. தோலிலிருந்தே நிறமும் துவர்ப்பும் இறங்கவேண்டும். அதனாலே தோல் மேலே மிதந்துவிடாது சாற்றுள் அமிழ்ந்திருக்கச் செய்து, வெப்பத்தைக் கட்டுப்படுத்தி, நொதித்தலை மெதுவாக நடத்தினார். பின்பு புதிய அமெரிக்க ஓக் பீப்பாய்களில் அடைத்தார். இளமையில் நாவை இறுக்கும் அந்தத் துவர்ப்புத்தான், ஆண்டுகள் செல்லச் செல்ல வைனைத் தாங்கி நிற்பது. பொறுமையில்லாதவருக்கு இது விளங்காது.

விளங்கவும் இல்லை. சிட்னியில் பணிப்பாளர் சபையாரும் அழைக்கப்பட்ட சுவைஞரும் அருந்திப் பார்த்து முகஞ்சுளித்தனர். காட்டுப் பழங்களோடு எறும்பையும் நசுக்கிக் கலந்தது போலிருக்கிறதென்று ஒருவர் ஏளனஞ்செய்தார். 1957ஆம் ஆண்டு அறுவடைக்கு முன், கிரேஞ்ச் வைனை நிறுத்திவிடுமாறு எழுத்திலே கட்டளை வந்தது.

ஷூபேர்ட் நிறுத்தவில்லை. அடிலெயிட்டிலிருந்த ஜெஃப்ரி பென்ஃபோல்ட் ஹைலண்ட் என்னும் அதிகாரி கண்டும் காணாதவர்போல் துணைநிற்க, 1957, 1958, 1959 ஆகிய மூன்றாண்டும் மகில் நிலவறைகளில் இரகசியமாக வைன் வைக்கப்பட்டது. உத்தியோகம் போய்விடக்கூடிய துணிவு இது. ஆனாற் புதிய பீப்பாய் வாங்கப் பணம் கேட்பது எங்ஙனம்? பழைய பீப்பாய்களிலேதான் அடைக்கவேண்டியதாயிற்று. அம்மூன்றாண்டு வைன்களில் புது ஓக்கின் சாரம் குறைந்தது என்ற மனக்குறை அவருக்கு இருந்தது.

இதற்கிடையே, பழிக்கப்பட்ட முந்திய வைன்கள் போத்தலுக்குள் மெல்லப் பதமடைந்துவந்தன. சபையார் மீண்டும் அருந்தியபோது முன்பு சொன்னதை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. 1960ஆம் ஆண்டு அறுவடைக்கு முன் மறுபடி செய்யும்படி பணித்தனர். 1955ஆம் ஆண்டு வைன் 1962இல் சிட்னிப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றது.

முதலில் இதற்குக் கிரேஞ்ச் ஹெர்மிட்டேஜ் என்று பெயர். ஷிராஸ் விளையும் பிரான்ஸ் நாட்டுக் குன்றொன்றின் பெயர் அது. ஊர்ப் பெயர் அவ்வூர் வைனுக்கே உரியதென்ற வழக்கினால், 1990ஆம் ஆண்டு அறுவடை முதல் அச்சொல் நீங்கியது. ஷூபேர்ட் 1994இல் காலமானார்.

மகில் தோட்டத்தின் பெரும்பகுதியை 1980களில் குடிமனைகள் விழுங்கிவிட்டன. எஞ்சியது ஏறத்தாழ 5 ஹெக்டயர். அந்தக் கொடிகளின் பழத்திலிருந்து 1983 முதல் மகில் எஸ்டேட் என்ற பெயரில் தனி வைன் வருகின்றது. மேரி அம்மையாரின் குடிலும் அக்கொடிகளின் நடுவே இன்னும் நிற்கின்றது.