கங்கையில் புகைப்படகு

இந்திய ஆற்றில் புகைப்படகு என்ற நீராவிப் படகு முதலில் ஓடியது நவாப் ஒருவரின் ஆசைக்காக. 1819-இல் அவத் நவாப் காஜியுத்தீன் ஹைதர், எட்டுக் குதிரைத்திறன் இயந்திரம் பூட்டிய உல்லாசப் படகை லக்னோவின் கோமதி ஆற்றில் விட்டார். அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் ஃபுல்டன் நீராவிப் படகில் பயணிகளை ஏற்றிப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1823-இல் கல்கத்தாவின் கிட்டர்ப்பூரில் டயானா என்ற நீராவிப் படகு வெள்ளோட்டம் கண்டது. மறு ஆண்டே அது பர்மியப் போருக்குப் போய், ஐராவதியில் படைப்படகுகளை இழுத்தது.

கங்கை அத்தனை எளிதில் வசப்படவில்லை. மழைக்காலத்தில் இழுப்பு, கோடையில் மணல்திட்டு. போன மாதம் ஆழமாக இருந்த தடம் இந்த மாதம் இருக்காது. அதனால் 1834-இல் தொடங்கிய அரசுச் சேவைக்கு, சுமார் இரண்டடி நீரிலேயே மிதக்கும் 'லார்டு வில்லியம் பென்டிங்க்' என்ற இரும்புப் படகு வந்தது. இயந்திரமும் கரியும் முன்படகில். பயணிகள் பின்னால் கயிற்றில் இழுபடும் 'ஃபிளாட்' என்ற தட்டைப் படகில். பாரம் இரண்டாகப் பிரிந்தது. கொதிகலன் வெடித்தாலும் துரைமார் தப்பலாம். கொதிகலனுக்குக் கரி தள்ளுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. மூங்கில் கழியால் ஆழம் பார்த்து வழி சொன்னவர்கள் உள்ளூர் ஆற்றோடிகள்.

நிலக்கரி ராணிகஞ்ச் சுரங்கத்திலிருந்து வந்தது. 1836-இல் அந்தச் சுரங்கத்தை வாங்கியவர் துவாரகாநாத் தாகூர், கவி ரவீந்திரநாத்தின் பாட்டனார். கரியைச் சுமந்து இறங்கும் தாமோதர் ஆற்றில் மழைக்காலத்தில்தான் படகு போகும்; ஆண்டுத் தேவையை அந்தச் சில மாதங்களிலேயே இறக்கிக் குவிக்க வேண்டும்.

கல்கத்தாவிலிருந்து அலகாபாத்துக்கு நாட்டுப்படகில் இரண்டு மூன்று மாதம். புகைப்படகில் ஏறக்குறைய மூன்று வாரம். கோடையில், கல்கத்தாவைக் கங்கையோடு சேர்க்கும் பாகீரதி வற்றிவிட்டால் சுந்தரவனத்தைச் சுற்றிப் போக வேண்டும். கட்டணமோ அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்குமே கட்டுபடியாகும். அவுரி, பட்டு போன்ற விலையுயர்ந்த சரக்குதான் ஏறியது. நெல்லும் உப்பும் நாட்டுப்படகை விட்டு வரவில்லை.

1860-இல் கல்கத்தாவிலிருந்து போட்ட ரயில்பாதை கங்கைக்கரை ராஜ்மகாலைத் தொட்டது. மேலே பாதை நீள நீள, புகைப்படகுக்கு வேலை குறைந்தது. வடக்கே ரயில் ஆற்றுவழியைப் பின்தள்ளத் தொடங்கிய அதே 1860-இல் தென் திருவிதாங்கூரில் நீர்வழிக்கு மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்க நினைத்த அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் அது. ஊர்ப்பேச்சில் ஏவிஎம் சானல். பூவாறிலிருந்து மண்டைக்காட்டுப் பக்கம் வந்ததோடு வேலை நின்றது. கன்னியாகுமரி அருகே உள்ள கொட்டாரம் ஊர்க்காரர்கள் வள்ளத்தில் திருவனந்தபுரம் போகும் வழி திறக்கவேயில்லை.