பள்ளியில் பாட்டு நிலைத்த வரலாறு



வரவு குறைந்த வீட்டில் முதலில் எதை நிறுத்துவார்கள்? அரிசியை நிறுத்த முடியாது. பால் கணக்கைக் கொஞ்சம் குறைப்பார்கள். பிறகு, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க வரும் வாத்தியாரிடம், "அடுத்த மாதம் பார்த்துக் கொள்ளலாம், ஐயா" என்று சொல்லி அனுப்பி விடுவார்கள். அந்த அடுத்த மாதம் பெரும்பாலும் வருவதேயில்லை.

வீட்டுக்குள்ள இந்த வழக்கம் நாட்டுக்கும் உண்டு. கருவூலத்தில் பணம் குறையும் போதெல்லாம் பள்ளிக்கூடங்களில் முதலில் பூட்டப்படுவது பாட்டு வகுப்பின் கதவே. அவ்வாறு பூட்டப்பட்ட கதவை ஊர் மக்கள் ஒன்று கூடித் திறந்த வரலாறு அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு முறையன்று, பலமுறை நிகழ்ந்துள்ளது. அவற்றுள் மூன்றினை இங்கே காண்போம்.

பாட்டும் கல்வியும்

பண்டைக் காலத்தில் இசை கல்விக்குப் புறம்பான பொழுதுபோக்காகக் கருதப்படவில்லை. இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக் கழகங்களில் எண் கணிதம், வடிவ கணிதம், வானியல் ஆகியவற்றோடு இசையும் ஒரே வரிசையில் வைத்துக் கற்பிக்கப்பட்டது. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அரெஸ்ஸோ நகர் கீதோ என்ற துறவி, பாடகர் குழுச் சிறுவர்கள் முன்பின் கேளாத பாட்டையும் ஏட்டைப் பார்த்தே பாடுவதற்கு வழி வகுத்தார். இன்று உலகமெங்கும் வழங்கும் மேனாட்டுச் சுரக் குறியீடு அவர் காட்டிய வழியில் வளர்ந்ததேயாகும். ஆனால் அக்காலத்தில் இக்கல்வி மடங்களிலும் பேராலயங்களிலும் பயின்ற சிலருக்கே கிட்டியது. உழைப்பாளியின் பிள்ளைக்கும் கட்டணமின்றி இசை கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் வேரூன்ற நெடுங்காலம் ஆயிற்று.

பாஸ்டன் நகரில் ஓராண்டு ஊதியமில்லாப் பணி

லோவெல் மேசன் என்பவர் 1792-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். சவானா நகரில் வங்கி ஒன்றில் வேலை பார்த்துக் கொண்டே ஆலயப் பாடகர் குழுவை நடத்தியவர். அவர் தொகுத்த பக்திப் பாடல் நூல் 1822-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, தம் பெயரை அதில் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டாராம். வங்கிக்காரர் பாட்டுக்காரர் என்று அறியப்படுவது தொழிலுக்கு ஆகாது என்ற அச்சமே காரணம்! கிறிஸ்து பிறப்பு நாட்களில் உலகெங்கும் பாடப்படும் "ஜாய் டு த வேர்ல்ட்" என்ற ஆங்கிலப் பாடலை இன்றைய மெட்டில் அமைத்துப் பரப்பியவர் இவரே. ஆகவே பெயர் தெரியாவிட்டாலும் நம்மில் பலர் அவரைக் காதால் அறிந்திருக்கிறோம்.

மேசன் 1827-இல் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தார். சுவிட்சர்லாந்து நாட்டுக் கல்வியாளர் பெஸ்டலோசியின் முறைப்படி, முதலில் ஒலியைக் கேட்கச் செய்து பிறகு குறியீட்டைக் காட்டினால் எந்தப் பிள்ளையும் பாடும் என்பதைக் கண்டு கொண்டார். 1833-இல் தோன்றிய பாஸ்டன் இசைக் கழகத்தின் வாயிலாக அவரும் நண்பர்களும் பொதுப் பள்ளிகளில் இசையைச் சேர்க்க வேண்டுமென்று முயன்றனர். நகர மக்கள் 1836-இல் விண்ணப்பம் கொடுத்தனர். பள்ளிக் குழு ஆராய்ந்து 1837-இல் அறிக்கை அளித்தது. இசை அறிவுக்கு உதவுமா, ஒழுக்கத்துக்கு உதவுமா, உடலுக்கு உதவுமா என்ற மூன்று கேள்விகளை எழுப்பி, மூன்றுக்கும் "ஆம்" என்று விடை கூறியது அவ்வறிக்கை.

அறிக்கை வந்தது, பணம் வரவில்லை. நகராட்சி மன்றம் காசு ஒதுக்க மறுத்து விட்டது. மேசன் என்ன செய்தார்? மனம் சோர்ந்து வீட்டில் உட்கார்ந்து விடவில்லை. தெற்கு பாஸ்டனிலிருந்த ஹாஸ் பள்ளிக்குச் சென்று, 1837-38 கல்வி ஆண்டு முழுவதும் ஊதியமின்றிக் கற்பித்தார். வேண்டிய பொருள்களையும் தம் கைப் பணத்தில் வாங்கினார். 1838 ஆகஸ்டுத் திங்களில் பிள்ளைகள் பொதுமக்கள் முன்னிலையில் பாடிக் காட்டினர். பெற்றோர் கேட்டனர், பள்ளிக் குழுவினரும் கேட்டனர். அதே மாதம் 28-ஆம் நாள், நகரப் பள்ளிகளில் இசை ஒரு பாடமாகக் கற்பிக்கப்படும் எனத் தீர்மானம் நிறைவேறியது. அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் இசைக் கல்வி தோன்றிய நாளாக அதைப் போற்றுகின்றனர். பின்னர் 1845-இல் மேசனே அப்பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். ஆள் போனார், பாடம் நிலைத்தது.

ஹார்லெம் பிள்ளைகளின் வயலின்

இனி நியூயார்க்குக்கு வருவோம். 1975-இல் அம்மாநகராட்சி திவாலாகும் நிலைக்குத் தள்ளப்பட்டது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலையிழந்தனர். தொடக்கப் பள்ளிகளில் இசையும் ஓவியமும் கற்பித்தவர்கள் அவர்களில் பலர். அந்த வறட்சியில், 1980-ஆம் ஆண்டை ஒட்டி, ராபர்ட்டா குவாஸ்பாரி என்ற ஆசிரியை தாம் வாங்கி வைத்திருந்த 50 வயலின்களுடன் கிழக்கு ஹார்லெம் பகுதிப் பள்ளியில் வகுப்புத் தொடங்கினார். ஏழை எளியோர் மிகுந்த பகுதி அது. கறுப்பின மக்களும் ஸ்பானிய மொழி பேசுவோரும் அங்கு மிகுதி. "இந்தப் பிள்ளைகளுக்கு வயலினா?" என்று ஐயுற்றோர் இருந்தனர். ஆனால் சேர விரும்பிய பிள்ளைகளின் தொகை பெருகி, சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுக்கும் நிலை வந்தது. வகுப்பு மூன்று பள்ளிகளுக்குப் பரவியது.

1991-இல் மீண்டும் வரவு செலவுத் திட்டத்தில் கத்தரி விழுந்தது. வயலின் வகுப்புக்குரிய பணம் நிறுத்தப்பட்டது. பத்தாண்டுப் பயிர் ஒரே கையெழுத்தில் வாடும் நிலை. ஆசிரியையும் பெற்றோரும் நன்கொடை திரட்டத் தொடங்கினர். குவார்னெரி நால்வர் குழுவின் முதல் வயலின் கலைஞர் ஆர்னால்டு ஸ்டைன்ஹார்ட்டும் அவர் துணைவியாரும் கை கொடுத்தனர். ஸ்டைன்ஹார்ட் மூலம் செய்தி ஐசக் ஸ்டெர்ன் என்ற மாபெரும் கலைஞரை எட்டியது.

இவ்விடத்தில் ஒரு சிறு கிளைக் கதையைக் கூறியாக வேண்டும். 1891-இல் திறக்கப்பட்ட கார்னெகி மண்டபத்தை 1950-களின் இறுதியில் இடித்துத் தள்ள ஏற்பாடு நடந்தது. அதைத் தடுக்க நகர மக்களைத் திரட்டி முன் நின்றவர் இதே ஐசக் ஸ்டெர்ன். அவர்களுடைய முயற்சியால் 1960-இல் மாநகராட்சி அம்மண்டபத்தை 50 லட்சம் டாலருக்கு வாங்கிக் காத்தது. ஊர் மக்கள் காப்பாற்றிய அந்த மண்டபம், 33 ஆண்டுகள் கழித்து ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றியது. 1993 அக்டோபரில் கார்னெகி மேடையில் ஹார்லெம் சிறுவர் சிறுமியர் வயலினுடன் நின்றனர். அவர்கள் பக்கத்தில் ஸ்டெர்னும், இட்சாக் பெர்ல்மனும், ஸ்டைன்ஹார்ட்டும் நின்று வாசித்தனர். நிதி சேர்ந்தது, வகுப்பும் பிழைத்தது. இவ்வரலாறு "ஸ்மால் வொண்டர்ஸ்" என்ற செய்திப் படமாகவும், 1999-இல் மெரில் ஸ்ட்ரீப் நடித்த "மியூசிக் ஆஃப் த ஹார்ட்" என்ற திரைப்படமாகவும் வெளிவந்தது.

கலிபோர்னியா: வெட்டிய கை, நட்ட கை

மூன்றாவது வரலாறு சற்று வேறுபட்டது. இங்கே பாட்டு வகுப்பை நிறுத்தியது அதிகாரியின் பேனா அன்று, மக்களின் வாக்கே. கலிபோர்னியாவில் வீட்டு வரி ஏறிக்கொண்டே போக, முதியோர் பலர் சொந்த வீட்டை இழந்து விடுவோமோ என்று அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானதே. 1978 ஜூன் 6-ஆம் நாள் "13-ஆம் முன்மொழிவு" பெருவாரியான வாக்குகளால் நிறைவேறியது. அதன்படி சொத்து வரி மதிப்பில் 1 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. சொத்து கைமாறும் வரை மதிப்பும் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது.

வீடு பிழைத்தது. ஆனால் அந்த வரியை நம்பியிருந்த பள்ளிகள் தளர்ந்தன. இசை ஆசிரியர், ஓவிய ஆசிரியர், நூலகர், செவிலியர் என்று ஒவ்வொருவராக வெளியேறினர். வசதியுள்ள ஊர்களில் பெற்றோர் அறக்கட்டளை அமைத்துப் பணம் திரட்டி ஆசிரியர்களைத் தக்க வைத்துக் கொண்டனர். வசதியற்ற ஊர்களிலும் பெற்றோருக்குப் பாசம் குறைவில்லை, பணந்தான் இல்லை. பலகாரம் விற்றும் கார் கழுவியும் ஓர் ஆசிரியரின் ஆண்டு ஊதியத்தை ஈட்டி விட முடியுமா? ஆக, செல்வர் வீட்டுப் பிள்ளை கையில் கருவியோடும், ஏழை வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடும் வளர்ந்தனர்.

அதே மக்கள் 44 ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பரில், "28-ஆம் முன்மொழிவு" என்ற சட்டத்துக்கு வாக்களித்தனர். புதிய வரி ஏதுமின்றி, பள்ளிகளுக்கு உறுதி செய்யப்பட்ட அரசு நிதியில் 1 விழுக்காட்டுக்குச் சமமான தொகையைக் கலைக்கும் இசைக்கும் தனியே ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். முதலாண்டில் அது ஏறத்தாழ 94 கோடி டாலர். அத்தொகையில் 30 விழுக்காடு ஏழை மாணவர்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டுப் பகிரப்படுகிறது. பெரிய பள்ளி மாவட்டங்கள் 80 விழுக்காட்டை ஆசிரியர், பணியாளர் நியமனத்துக்கே செலவிட வேண்டும். ஏற்கெனவே செலவிட்டு வந்த பணத்தை எடுத்துக் கொண்டு இதை அங்கே வைக்கக் கூடாது என்றும் சட்டம் கூறுகிறது. அப்படியும் சில இடங்களில் அவ்வாறு நடப்பதாகப் புகார் எழுந்தது. வழக்குமன்றம் வரை போயிற்று. சட்டம் இயற்றுவதோடு மக்களின் வேலை முடிந்து விடுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

நாம் கற்க வேண்டியவை

இம்மூன்று வரலாறுகளும் நமக்குக் கூறுவன யாவை?

முதலாவது, கேட்டால்தான் அருமை தெரியும். பாஸ்டன் பள்ளிக் குழுவை அசைத்தது அறிக்கை மட்டுமன்று, பிள்ளைகளின் குரல். ஒரு நற்பணியைக் காக்க விரும்புவோர் அதன் பலனை ஊரார் கண் முன்னும் காது முன்னும் கொண்டு வர வேண்டும்.

இரண்டாவது, ஒருவர் தொடங்கலாம். பலர் சேர்ந்தால்தான் நிலைக்கும். மேசனின் ஓராண்டு உழைப்பும் குவாஸ்பாரியின் 50 வயலின்களும் விதைகள். பெற்றோரும் கலைஞரும் அண்டை அயலாரும் வார்த்த தண்ணீரிலேயே அவை பிழைத்தன.

மூன்றாவது, இதுவே தலையாயது. இரக்கம் வேறு, நீதி வேறு. நன்கொடை இரக்கத்தின் செயல்; அது இடுக்கண் வந்த வேளையில் உயிர் காக்கும். ஆனால் ஒரு பிள்ளையின் கல்வி ஆண்டுதோறும் நன்கொடையை எதிர்பார்த்துக் காத்து நிற்கலாகாது. அப்படி நிற்க விட்டால், கொடுப்பதற்கு ஆளில்லாத தெருவின் பிள்ளைகளே முதலில் கைவிடப்படுவர். ஊர் மக்கள் ஒரு கையால் கொடுக்கட்டும்; மறு கையால் பொதுப் பணத்தில் அப்பிள்ளைகளுக்குரிய பங்கைக் கேட்டு வாங்கட்டும். இரு கைகளும் சேர்ந்தால்தான் ஓசை.

மெட்ரிக் கணக்கும் அறிவியல் மதிப்பெண்ணும் வேண்டியவையே, யார் மறுப்பார்? ஆயினும், தன் குரலைத் தாழ்த்தி அடுத்தவன் குரலோடு இணைத்துப் பாட ஒரு பிள்ளை கற்றுக் கொள்ளும் இடம் பாட்டு வகுப்பேயாகும். அந்த வகுப்பை மூடி மிச்சம் பிடித்த காசு எந்த ஊரையும் செல்வ ஊராக்கியதில்லை. ஆகவே வீட்டிலும் சரி, பள்ளியிலும் சரி, பாட்டு வாத்தியாரை "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று அனுப்புமுன் ஒரு முறைக்கு இரு முறை எண்ணிப் பார்ப்போமாக.