செவிகொடுக்கக் கற்றல்



ஆற்றுப்படுத்தும் பணி மேற்கத்தியப் படிப்பு, நமக்கு ஜெபம் போதும் என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். படிப்பு அங்கே தொடங்கியது மெய்தான். 1925இல் அமெரிக்காவின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் ஆன்டன் பாய்சன் என்னும் ஆயர் இறையியல் மாணவர் சிலரை நோயாளிகளிடம் பயில வைத்தார். தாமே மனநோயில் வாடி மீண்டவர் அவர். பெயரோ நம்முடையது: பரிசில் பெற்று மீண்டவன், எதிர்ப்பட்ட வறியவனுக்கு வழிசொல்வதே ஆற்றுப்படை.

ஆயினும் அங்கே ஆலோசகர்முன் ஒருவர் தனியே அமர்வார். நம் கரிசல் பூமியில், திருச்சுழியிலும் மண்டபசாலையிலும், ஒரு பெண்ணின் துயரைத் தாயும் தாய்மாமனும் சேர்ந்தே கொண்டுவருவார்கள். அவள் வாய்திறக்குமுன் அவர்களே பேசிமுடிப்பார்கள். அவர்களை விலக்கினால் அவள் திரும்பிச்செல்லும் வீடு பகையாகும். உடன்வைத்தால் அவள் குரல் எழாது. அயல்நாட்டுப் பாடநூல் இதற்கு எம்மட்டும் உதவும்? வேலூர் கிறிஸ்தவ ஆலோசனை மையத்தின் பி. ஜே. பிரசாந்தம் இந்திய வாழ்வின் நேர்வுகளையே தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக்கினார். ஆற்றுப்படுத்தப் பயில்வோருக்கு அவரது நூலையே நான் முதலில் தருவேன்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் மௌனமாய்த் தரையில் அமர்ந்திருந்தார்கள். பேசத் தொடங்கியபின்தான் பிழைசெய்தார்கள். ஆகவே நீங்கள் வரும்போது, முதலில் தாய்மாமன் சொல்வதை முழுமையும் கேட்பேன். பின்பு அவரை வேப்பமரத்தடியில் அமரச்செய்து, அந்தப் பெண்ணிடம் தனியே பேசுவேன்.