ஆங்கிலப் பெயரடையும் தமிழிலக்கண மரபும்

ஆங்கிலங் கற்கத் தொடங்கும் தமிழ் மாணவன், 'அவன் நல்லவன்' என்னுங் கருத்தை எழுதுமிடத்து 'இஸ்' என்னும் வினையை விட்டுவிடுதல் ஆசிரியர் பலர் கண்டதே. அது கவனக்குறைவன்று, அதன் வேர் நம் இலக்கணத்திலே உள்ளது.

1823இல் அமெரிக்க மிஷனார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை, 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையுடன் பதிப்பித்தார். அந்நூல் கொண்ட சொல்வகை பெயர், வினை, இடை, உரி என நான்கே. ஆங்கிலத்தார் 'அட்ஜெக்டிவ்' என்னும் பெயரடைக்கு அங்கே தனியிடமில்லை. 'நல்ல மாணவன்' என்புழி 'நல்ல' என்பது குறிப்புப் பெயரெச்சம். பயனிலையாகுங்கால் அது 'நல்லன்', 'நல்லள்', 'நல்லர்' எனப் பால் காட்டித் தானே வாக்கியத்தை முடிக்கும். அதனாலன்றோ குறிப்புவினை எனப்பட்டது. ஆங்கிலத்துக் 'குட்' ஈரிடத்தும் திரியாது, பாலுங் காட்டாது. வாக்கியம் முடிய வேறொரு வினை வேண்டும்.

பெயரடையைப் 'பெயருரிச்சொல்' என மொழிபெயர்த்து அமைவார்க்கு இவ்வேற்றுமை புலப்படாது. ஆங்கில இலக்கணகாரர்தாமும், இலத்தீன் மரபு பற்றி அதனைப் பெயரின் ஒரு வகையாகவே நெடுங்காலங் கொண்டு, பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டிலேதான் தனிச்சொல்வகையாகப் பிரித்தனர். அறிஞரே தயங்கிய இடத்தில் மாணவன் இடறுதல் வியப்பன்று. ஆதலின், அவன் பிழையைச் சிவப்பு மையாற் கோடிடுமுன், இருமொழி வாக்கியங்களையுங் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டுதல் ஆசிரியர் கடனாம்.